ஏலத்தில் போன நாலு பவுன் சங்கிலி: மிச்சப் பணம் யாருக்கு?

நகைக்கடன் வாங்கி, வட்டி கட்டாமல் விட்டு, நகை ஏலத்தில் போனால் நம்ம ஊரில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "போனது போச்சு." அடகு வைத்தவரே அப்படித்தான் நினைக்கிறார். கடன் ஒரு தொகை, நகையின் மதிப்பு இன்னொரு தொகை, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பணம் தனக்குச் சேர வேண்டியது என்ற நினைப்பே வருவதில்லை. தங்கம் ஏறிக்கொண்டே போன 2024, 2025 வருடங்களில் அந்த நடுப்பணம் சின்னத் தொகையும் இல்லை. கீழே சொல்லப்போகும் விவகாரத்தில் அது எவ்வளவு, எப்படிக் காணாமல் போனது, எந்த ஒரு வரியைப் பிடித்து அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். ஆள், ஊர், கம்பெனி அடையாளம் எதுவும் இருக்காது.

ஈரோடு பக்கம் ஒரு சிறு நகரம். எங்கள் தெருவில் முன்பு குடியிருந்த அக்கா ஒருவர், தையல் யூனிட்டில் வேலை. 2024 மார்ச் கடைசியில் மகனுடைய கல்லூரிச் செலவுக்காக ஒரு நகைக்கடன் கம்பெனியில் டாலர் வைத்த சங்கிலியை அடகு வைத்தார். மொத்த எடை 34.2 கிராம், கல், அரக்கு என்று 2.2 கிராம் கழித்து நிகர எடை 32 கிராம், 22 கேரட். அதாவது சரியாக நாலு பவுன். கிராமுக்கு 5,900 ரூபாய் மதிப்புப் போட்டார்கள், 1,88,800. அதில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி வரம்பு, அது 1,41,600 வரும். 1,40,000 வாங்கிக்கொண்டு வந்தார்.

வட்டியைப் பற்றி விளம்பரத்தில் சொன்னது மாதம் ஒரு ரூபாய், அதாவது வருடத்துக்கு 12 சதவீதம். அடகுக் கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது வேறு. வட்டி விகிதம் 24 சதவீதம், மாதாமாதம் தவறாமல் கட்டினால் பாதி தள்ளுபடி. தவறினால் தள்ளுபடி கிடையாது, ஆரம்பத்திலிருந்தே 24. இது பல கம்பெனிகளில் உள்ள ஏற்பாடுதான், சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. ஆனால் வாங்கப் போகிறவரிடம் "ஒரு ரூபா வட்டிதாங்க" என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. அக்கா இடையில் ஒரு தடவை 8,000 கட்டினார், அப்புறம் கட்டவில்லை. வீடு மாறினார், புது விலாசத்தைச் சொல்லவில்லை. செல்போன் எண் அதேதான், அதில் ஆங்கிலத்தில் மெசேஜ்கள் வந்துகொண்டே இருந்தன, அவர் படிக்கவில்லை. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஏலம் விடும் உரிமை கம்பெனிக்கு வந்துவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. கேள்வி ஏலம் விட்டதைப் பற்றியதே அல்ல. விட்ட விதமும் விட்ட பிறகு கணக்கை முடித்த விதமும்தான் இங்கே விஷயம்.

2025 மே கடைசியில் சீட்டு எடுத்த பணத்தோடு நகையைத் திருப்பப் போனபோதுதான் தெரிந்தது, ஏப்ரல் மூன்றாவது வாரமே ஏலம் முடிந்துவிட்டது. கவுன்ட்டரில் இருந்த பையன் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, உங்க நகை ஏலத்துல போயிருச்சுங்க. கணக்கு முடிஞ்சிருச்சு, நீங்க கட்ட வேண்டியது ஒண்ணும் இல்லைங்க." கட்ட வேண்டியது இல்லை என்று கேட்டதும் அக்காவுக்கு ஒரு பக்கம் நிம்மதிகூட! என்னிடம் வந்து, "ஏனுங் தம்பி, பாக்கி எதுவும் கேக்க மாட்டாங்கல்ல?" என்றுதான் முதலில் கேட்டார். வர வேண்டியது ஏதாவது உண்டா என்று அவர் கேட்கவில்லை. கவுன்ட்டரிலும் சொல்லவில்லை.

நான் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன், வக்கீல் கிடையாது. ஆனால் பெருக்கிப் பார்க்கத் தெரியும். ஏலத்துக்கு முந்தைய 30 நாள் சராசரியில் 22 கேரட் கிராம் சுமார் 8,250. 32 கிராமுக்கு 2,64,000. கடன் பாக்கியை எடுத்தால் அசல் 1,40,000, பதின்மூன்று மாத வட்டி 24 சதவீதத்தில் 36,400, கட்டிய 8,000 போக 28,400. மொத்தம் 1,68,400. நோட்டீஸ் செலவு, ஏலச் செலவு என்று எதைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது. அப்படியென்றால் தொண்ணூறாயிரம் ரூபாய் கிட்ட எங்கேயோ இருக்க வேண்டும்.

சட்டம் இதில் ரொம்பப் பழசு, ரொம்பத் தெளிவு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 176-ஆவது பிரிவு. அடகு பிடித்தவர் நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்துப் பொருளை விற்கலாம். விற்ற பணம் பாக்கிக்குக் குறைந்தால் மீதியை அடகு வைத்தவர் கொடுக்க வேண்டும். பாக்கிக்கு மேல் வந்தால் அந்த உபரியை அடகு பிடித்தவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த 177-ஆவது பிரிவு இன்னும் கொஞ்சம் உதவி செய்கிறது: கெடு தாண்டிப் போயிருந்தாலும், உண்மையிலேயே விற்பனை நடக்கும்வரை எந்த நேரத்திலும் பணத்தைக் கட்டி, தாமதத்தால் ஆன செலவையும் சேர்த்துக் கொடுத்து, பொருளை மீட்டுக்கொள்ளலாம். "நோட்டீஸ் காலம் முடிஞ்சுது, இனிமே கட்ட முடியாது" என்று கிளையில் சொன்னால், விற்றாகிவிட்டதா இல்லையா என்பது மட்டும்தான் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் கடிதத்தைச் சண்டை போடுகிற தொனியில் எழுத வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். கிளை மேலாளருக்கும், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரே கடிதம், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு, கூடவே மின்னஞ்சலிலும். குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் எண்ணும் கிளைச் சுவரிலேயே ஒட்டப்பட்டிருக்கும், பெரும்பாலும் பணம் எண்ணும் இயந்திரத்துக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

"எனது மேற்கண்ட கணக்கில் அடகு வைத்த நகை ஏலம் விடப்பட்டதாக வாய்மொழியாகத் தெரிவித்தீர்கள். அடகு வைத்த நாளில் தாங்கள் கொடுத்த எடை, தரச் சான்றின் நகல், ஏல நோட்டீஸ் அனுப்பியதற்கான அத்தாட்சி, நாளிதழ் விளம்பரப் பக்கங்கள், ஏலத்துக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச விலையும் அதைக் கணக்கிட்ட விதமும், ஏலத்தில் கிடைத்த தொகை, கடன் கணக்கின் முழு விவரம் ஆகியவற்றைத் தரவும். பாக்கி போக மீதமுள்ள உபரித் தொகையை எனது வங்கிக் கணக்கில் செலுத்தவும்."

கோபம் இல்லை, மிரட்டல் இல்லை, நஷ்ட ஈடு இல்லை. ஆவணம் கேட்டோம், உபரி கேட்டோம். இந்த மாதிரிக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது அவர்களுக்குச் சிரமம், எழுதாமல் விடுவது அதைவிடச் சிரமம்.

மூன்று வாரம் கழித்துப் பதிலோடு அக்காவின் கணக்கில் 21,700 ரூபாயும் வந்து விழுந்தது. "ஒண்ணும் இல்லைங்க" என்று சொன்ன அதே கணக்கிலிருந்து! கேட்காமல் விட்டிருந்தால் இந்த 21,700 எத்தனை நாள் அவர்கள் புத்தகத்திலேயே கிடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு இதுவே பெரிய சந்தோஷம், விட்டுவிடலாம் என்றார். ஆனால் பதிலோடு வந்த ஏலத் தாளைப் பார்த்தபோது விவகாரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று எனக்குப் பட்டது.

அடகு ரசீதில் நிகர எடை 32 கிராம், 22 கேரட். ஏலத் தாளில் அதே கணக்கு எண்ணுக்கு எதிரே நிகர எடை 30.4 கிராம், 20 கேரட்.

கம்பெனியின் விளக்கம்: ஏலத்துக்கு முன் பொட்டலத்தைப் பிரித்து மறுமதிப்பீடு செய்தோம், டாலரில் அரக்கு அதிகம் இருந்தது, தரமும் குறைவாக இருந்தது. அதனால் 20 கேரட்டுக்கு கிராம் 7,500 கணக்கில் 30.4 கிராமுக்கு 2,28,000 மதிப்பு, அதில் 85 சதவீதமான 1,93,800-ஐக் குறைந்தபட்ச விலையாக வைத்தோம், 1,94,000-க்கு ஏலம் போனது, பாக்கி 1,68,400, செலவுகள் 3,900, ஆக 1,72,300 போக மீதி 21,700. கணக்கு ரூபாய் சுத்தமாக இருந்தது. ரசீதின் கீழே "மதிப்பீட்டில் வேறுபாடு ஏற்பட்டால் நிறுவனத்தின் முடிவே இறுதியானது" என்ற வரியையும், அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்தையும் வட்டம் போட்டு நகல் அனுப்பியிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுவார்கள். கையெழுத்துப் போட்டாச்சே, நகையும் இப்போது கையில் இல்லையே, உருக்கியே போயிருக்கும், 22 கேரட் என்று எப்படி நிரூபிப்பது? நகை கையில் இருந்தால் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். நகைக்கடை பில்லில் 916, அதாவது 22 கேரட், என்று இருந்தது, அது நல்ல சாட்சி. ஆனாலும் அதை வைத்து வாதாடினால் விவகாரம் "யார் மதிப்பீடு சரி" என்ற சேற்றில் இறங்கிவிடும், அதில் எப்போதும் கம்பெனிக்குத்தான் பலம்.

நமக்கு அந்தச் சண்டையே தேவைப்படவில்லை. 2014 ஜனவரி 8-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. நகைக்கடனுக்கு 75 சதவீத வரம்பைக் கொண்டுவந்த சுற்றறிக்கை என்று பலருக்கும் அது தெரியும். அதிலேயே உள்ளே இன்னொரு விஷயம் இருக்கிறது: நகையை அடகு பிடிக்கும்போது அதன் எடையையும் கேரட் தரத்தையும் குறிப்பிட்டு நிறுவனத்தின் லெட்டர்பேடில் சான்று கொடுக்க வேண்டும், மீட்கும்போது தகராறு வராமல் இருக்க நிறுவனம் தன் பாதுகாப்புக்கு நிபந்தனை வாசகங்களைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால், அதிகபட்சக் கடன் எவ்வளவு என்று கணக்கிடவும் ஏலத்தின் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கவும் சான்றில் உள்ள அந்தத் தரத்தைத்தான் எடுக்க வேண்டும். பின்னால் வந்த தொகுப்பு வழிகாட்டுதல்களிலும் இது தொடர்ந்தது.

இந்த ஒரு வரியில் கேஸ் முடிந்துவிட்டது என்றே சொல்வேன். கடன் கொடுத்த நாளில் நீங்கள் 22 கேரட் என்று எழுதிக் கொடுத்தீர்கள், அந்தத் தரத்தை வைத்துத்தான் 1,40,000 கொடுத்தீர்கள், வட்டியும் அதற்குத்தான் வாங்கினீர்கள். ஏலத்தன்று மட்டும் 20 கேரட் ஆக முடியாது. நகை நிஜமாகவே 20 கேரட்டாக இருந்திருந்தால்கூட, அடகு பிடித்தபோது சரியாக உரசிப் பார்க்காத மதிப்பீட்டாளரின் குறை அது. விலை நிர்ணயத்துக்குச் சான்றில் உள்ள 22 கேரட்தான். அந்தக் காலத்து விதிப்படி குறைந்தபட்ச விலை, முந்தைய 30 நாள் சராசரி விலையில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 32 கிராமுக்கு 2,64,000, அதில் 85 சதவீதம் 2,24,400. நீங்கள் விற்றது 1,94,000. விற்கவே கூடாத விலை. எடையில் குறைத்த 1.6 கிராமுக்கும் இதே வாதம்: கல்லும் அரக்கும் கழித்து நிகர எடை போட்டவர் உங்கள் ஆள்தான், அக்கா கிடையாது.

இதை எழுதி அனுப்பினோம். பதில் வரவில்லை. குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாள் ஆனதும் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மன் திட்டத்தில் புகார் போட்டோம். ஆம்புட்ஸ்மன் என்றால் வங்கி, நிதி நிறுவனங்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும் அதிகாரி. 2021 நவம்பர் 12-இல் வந்த திட்டம் அது. சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் போடலாம், முடியாதவர்கள் சண்டிகர் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பலாம், 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முதலில் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து 30 நாள் காத்திருக்காமல் நேராக இங்கே போனால் புகார் திரும்பி வந்துவிடும். கிளையில் போய் வாயால் கத்திவிட்டு வந்தது புகாரில் சேராது. தபால் ரசீதோ மின்னஞ்சலோ வேண்டும்.

அடுத்தது, புகாரின் வாசகம். "வட்டி அநியாயம், ஏழைகளைச் சுரண்டுகிறார்கள், நகை என் அம்மா போட்டது" என்றெல்லாம் எழுதினால் படிப்பவருக்குப் பரிதாபம் வரலாம், ஆனால் அவர் கையில் செய்வதற்கு எதுவும் இருக்காது. நிறுவனத்தின் வணிக முடிவுகளில் ஆம்புட்ஸ்மன் தலையிட மாட்டார். விதியை மீறினார்களா என்பதைத்தான் பார்ப்பார். அதனால் புகாரை மூன்று பத்திகளில் முடித்தோம். சான்றில் இருப்பது இது, ஏலத் தாளில் இருப்பது இது, சுற்றறிக்கை சொல்வது இது. மூன்று தாள்களின் நகல். அம்மா போட்ட நகை என்பதை அக்கா சேர்க்கச் சொன்னார்தான், ஒரு வரி சேர்த்தோம், அவருக்காக.

அடகு கடைகள் இதில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் சேட்டுக்கடை என்று சொல்லும் தனியார் அடகுக் கடைகள் 1943-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டத்தின் கீழ் தாசில்தாரிடம் உரிமம் வாங்கி நடப்பவை; அங்கே பிரச்சினை என்றால் வருவாய்த் துறை பக்கம்தான் போக வேண்டும். ரிசர்வ் வங்கியிடம் பதிவான நிதி நிறுவனமா, அடகுக் கடையா என்பதை ரசீதின் தலைப்பிலேயே பார்த்துவிடலாம்.

புகார் ஏற்கப்பட்டு சில வாரங்களில் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்தே அழைப்பு வந்தது. அதுவரை கிளையில் "போய் கேஸ் போடுங்க" என்று பேசியவர்கள், இப்போது "என்னங்கம்மா, நேரா எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்கள். முதலில் 30,400 தருவதாகச் சொன்னார்கள். அது 2,24,400-க்கும் 1,94,000-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது குறைந்தபட்ச விலைக்கு விற்றிருந்தால் என்ன வந்திருக்குமோ அது. நாங்கள் கேட்டது 70,000, அதாவது அன்றைய சராசரி மதிப்பான 2,64,000-க்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம். 85 சதவீதம் என்பது அதற்குக் கீழே போகக் கூடாது என்ற வரம்பு மட்டுமே, தங்கம் தினம் ஏறிக்கொண்டிருந்த ஏப்ரலில் நாலு பவுனை யாரும் 15 சதவீதம் தள்ளுபடியில் விற்க மாட்டார்கள் என்பது எங்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் விதியில் எழுதியிருப்பது 85 என்பதால், அதற்கு மேல் எல்லாமே பேரம். நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போனது, அதற்கும் அனுப்பிய அத்தாட்சி ஒழுங்காக இல்லை என்பது எங்களுக்குச் சாதகம். விலாசம் மாற்றியதைச் சொல்லாதது அவர்களுக்குச் சாதகம். செப்டம்பரில் 55,000-க்கு முடிந்தது.

55,000 வாங்கி முடித்தது சரியா என்று கேட்டவர்கள் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, நாமே வாதாடலாம். எல்லாம் சரி. ஆனால் காலம் எவ்வளவு பிடிக்கும் என்பதை ஆணைய வாசலில் காத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். அக்காவுக்குக் கையில் காசு வேண்டியிருந்தது. முடிவு அவருடையது, எனக்கு அதில் குறை எதுவும் இல்லை. ஒரு வரிசை மட்டும் ஞாபகம் வைக்க வேண்டும். ஆம்புட்ஸ்மனிடம் போய்ச் சரிவரவில்லை என்றால் அப்புறம் நுகர்வோர் ஆணையம் போகலாம். ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டு அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மனிடம் போக முடியாது.

இனி, பணத்தின் கணக்கைக் கடைசிவரை பார்த்துவிடலாம், ஏனென்றால் "ஜெயிச்சாச்சு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்தது மொத்தம் 76,700. நகையைத் திருப்புவதற்காக அக்கா வைத்திருந்த சீட்டுப் பணத்தில் கட்ட வேண்டியிருந்த 1,72,300 கையிலேயே மிஞ்சியது. இரண்டும் சேர்த்து 2,49,000. 2025 செப்டம்பரில் பவுன் 80,000-ஐத் தாண்டிவிட்டது. செய்கூலி, சேதாரம் 9 சதவீதம் என்று குறைவாகவே வைத்து, 3 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் அந்தப் பணத்துக்கு வருவது இரண்டே முக்கால் பவுன். நாலு பவுன் சங்கிலி இரண்டே முக்கால் ஆனது. அந்த ஒன்றே கால் பவுனில் கொஞ்சம் கம்பெனி பறித்தது, கொஞ்சம் காலம் பறித்தது.

இதில் எனக்கு ரொம்ப உறுத்தும் பகுதி வேறு. ஏலம் நடந்த ஏப்ரலில் அந்தச் சங்கிலியின் மதிப்பு 2,64,000. அதற்கு 75 சதவீதம் 1,98,000. பாக்கி 1,72,300. அதாவது வேறு எந்த வங்கியிலாவது அதே சங்கிலியை மறு அடகு வைத்திருந்தாலே பழைய கடன் முழுசாக அடைந்திருக்கும், மேலே 25,000 கையில் நின்றிருக்கும், வட்டியும் பாதிக்குக் கீழே குறைந்திருக்கும். சங்கிலி தன் கடனைத் தானே அடைத்திருக்கும், வெளியிலிருந்து ஒரு ரூபாய் வேண்டியிருக்கவில்லை. விலை ஏறும் காலத்தில் நகைக்கடன் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் கணக்கு இதுதான்: இன்றைய விலையில் என் நகைக்கு எவ்வளவு கிடைக்கும், என் பாக்கி எவ்வளவு? நகையை வெளியே எடுக்காமல் மறு அடகு எப்படி வைப்பது என்று கேட்பீர்கள். மற்ற நிறுவனத்தின் கடனை மாற்றி எடுத்துக்கொள்ளும் வசதி நிறைய இடங்களில் இருக்கிறது, இல்லாவிட்டால் சொந்தத்தில் யாரிடமாவது ஒரு நாள் கைமாற்று. ஒரே நாள் வேலை.

அடகு வைக்கும்போதே இன்னொன்று செய்யலாம். ஐந்து நகையை ஒரே கார்டில் போடாமல் இரண்டு மூன்று கார்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். கையில் கொஞ்சம் பணம் வந்தால் ஒரு கார்டையாவது மீட்கலாம், ஏலம் என்று வந்தாலும் எல்லாம் ஒன்றாகப் போகாது. கவுன்ட்டரில் முகம் சுளிப்பார்கள், அவர்களுக்கு வேலை அதிகம். சுளிக்கட்டும். நகையைத் தராசில் வைத்த நிலையில், எடை தெரிகிற மாதிரி செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். புது நகை என்றால் ஹால்மார்க்கோடு இருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த எச்யூஐடி என்ற ஆறு இட அடையாளக் குறியீட்டைக் குறித்து வையுங்கள், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தரம் அப்படியே வரும், பிற்பாடு யாரும் 22-ஐ 20 ஆக்க முடியாது.

விதிகளும் இப்போது மாறியிருக்கின்றன. 2024 செப்டம்பர் 30-இல் ரிசர்வ் வங்கியே ஒரு சுற்றறிக்கையில், வாடிக்கையாளர் இல்லாமல் மதிப்பீடு செய்வது, ஏலத்தில் வெளிப்படைத்தன்மை இல்லாதது போன்ற குறைகளைத் தாங்கள் பார்த்ததாகச் சொன்னது. 2025 ஏப்ரல் 9-இல் வரைவு விதிகள் வந்தன, தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது, முதலமைச்சர் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார், ஜூன் 6-இல் இறுதி விதிகள் வந்தன. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் நிறுவனங்களும் அமல்படுத்த வேண்டும் என்று கெடு. நகைக்கு ரசீது கேட்பார்களா, கடன் குறையுமா என்றுதான் அப்போது எல்லாரும் பேசினோம், ஏலம் பற்றிய பகுதி என் காதில் விழுந்த பேச்சு எதிலும் வரவில்லை. அதில்தான் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. குறைந்தபட்ச விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு தடவை ஏலம் தோற்றால் மட்டும் 85. உபரியை, ஏலப் பணம் முழுசாக வந்த 7 வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். மதிப்பீடு நம் கண் முன்னால் நடக்க வேண்டும். கடனை முழுசாக அடைத்த பிறகு நகையைத் திருப்பித் தர 7 வேலை நாளுக்கு மேல் அவர்கள் பக்கம் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும்.

ஆனால் இதே விதிகளில் ஒரு தூண்டிலும் இருக்கிறது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு 85 சதவீதம் வரை கிடைக்கும், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. கிராமுக்கு அதிகம் கிடைக்கிறது என்று எல்லாருக்கும் சந்தோஷம். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனில் வட்டியும் சேர்த்துத்தான் அந்த 85 என்பது ஓரளவு ஆறுதல். ஆனாலும் முழுசாக இழுத்து வாங்கினால் ஏலம் என்று வரும்போது மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது, விலை இறங்கினால் நாம்தான் கையிலிருந்து போட வேண்டும். அக்காவுக்கு 75-இல் வாங்கியதாலும் விலை ஏறியதாலும்தான் சண்டை போட ஒரு தொகையாவது இருந்தது.

ஏற்கெனவே நகை ஏலத்தில் போனவர்கள் அடகு ரசீதைத் தேடி எடுங்கள், கிடைக்கவில்லை என்றால் கணக்கு எண்ணோ பதிவு செய்த செல்போன் எண்ணோ போதும், நகல் கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். ஆம்புட்ஸ்மனுக்கு, 2021-இல் வந்த திட்டத்தில், கம்பெனி பதில் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடமாக இருந்தது. பதிலே வராவிட்டால் புகார் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடமும் 30 நாளும். இப்போதைய கெடுவை 14448-இல் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கடிதம் எழுத, மேலே மேற்கோளில் கொடுத்திருக்கும் வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், கணக்கு எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.